வசந்தாவுக்கு, பல்கேரியா போய்வந்த கதை

திருச்சி,
ஜூன் 14

அன்புள்ள வசந்தா,

ஊர் வந்து நாலு நாள் ஆகிறது. வாக்கர் இல்லாமல் வாசல் வரை நடக்கிறாய் என்று உன் மருமகள் போனில் சொன்னாள். கேட்டதும் மனசு நிறைந்துவிட்டது. வலிக்கிறது என்று பிசியோதெரபியை மட்டும் நிறுத்திவிடாதே. என் அக்காவுக்கு அப்படி நிறுத்தித்தான் முட்டி சரியாக மடங்காமல் போனது.

"படம் போதும், உட்கார்ந்து எழுது" என்று செய்தி அனுப்பியிருந்தாய். எழுதத்தான் வேண்டும். அவர் போனபிறகு வீட்டைவிட்டு நகராமல் கிடந்த என்னை, "நான்தான் வரமுடியாது, நீயாவது பார்த்துவிட்டு வந்து சொல்" என்று கிளப்பிவிட்டவளே நீதானே.

மியூனிக்கில் இருக்கும் பையன்தான் ஒன்பது நாள் சுற்றுலாவில் சேர்த்துவிட்டான். சின்ன பஸ், பதினான்கு பேர், கூடவே ஒரு வழிகாட்டி. பிளோவ்டிவ் ஊர்க்காரப் பெண், வரலாறு படித்தவர். பாடம் நடத்தத் தெரிந்தவர் என்பது முதல் பத்து நிமிஷத்திலேயே தெரிந்துவிட்டது. உனக்கும் அவரைப் பிடித்திருக்கும்.

நாங்கள் சோஃபியாவில் இறங்கிய மறுநாள் மே 24. அன்றைக்கு அங்கே அரசு விடுமுறை. எதற்குத் தெரியுமா? எழுத்துக்கு! தங்கள் எழுத்துக்கும் கல்விக்கும் ஒரு நாடே எடுக்கும் விழா. தேசிய நூலகத்தின் முன்னால் சிரில், மெத்தோடியஸ் என்ற இரண்டு சகோதரர்களின் சிலை இருக்கிறது. காலையிலேயே பள்ளிக்கூடப் பிள்ளைகள் பூங்கொத்தோடு வந்து நிற்கிறார்கள். பாண்டு வாத்தியம், பாட்டு, மாலைகள். சிலையின் காலடி பூவால் மூடிவிட்டது.

அந்தக் கதையை வழிகாட்டி அங்கேயே நிறுத்திச் சொன்னார். ரஷ்யன், பல்கேரியன் மாதிரியான ஸ்லாவ் மொழிகளுக்கென்று முதலில் எழுத்து அமைத்தவர்கள் இந்தச் சகோதரர்கள். அவர்கள் காலத்துக்குப் பிறகு சீடர்களை, அவர்கள் வேலைசெய்த மொராவியா என்ற நடு ஐரோப்பிய நாட்டிலிருந்து விரட்டிவிட்டார்கள். 886இல் பல்கேரிய மன்னர் போரிஸ் அவர்களுக்கு இடம் கொடுத்து, பள்ளி வைத்துக்கொடுத்தார். அதற்குப் பின்தான், இன்று ரஷ்யா வரைக்கும் பரவியிருக்கிற சிரில்லிக் எழுத்து பல்கேரியாவில் உருவானது. நாமெல்லாம் அதை ரஷ்ய எழுத்து என்றுதானே சொல்லிக்கொண்டிருந்தோம்! 2007இல் பல்கேரியா ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தபோது, லத்தீன், கிரேக்கத்துக்கு அடுத்து ஒன்றியத்தின் மூன்றாவது எழுத்தாக சிரில்லிக்கும் உள்ளே போனது. இதைச் சொல்லும்போது அவர் குரலே மாறிவிட்டது.

கூட்டத்தில் பக்கத்தில் நின்ற ஒரு பாட்டியம்மா, நானும் மொழி ஆசிரியை என்று தெரிந்ததும், "உங்கள் மொழியில் எத்தனை எழுத்து?" என்று வழிகாட்டி மூலமாகக் கேட்டார். இருநூற்று நாற்பத்தேழு என்றேன். அவர்களுக்கு முப்பதுதான். கன்னத்தில் கைவைத்துக்கொண்டார். அப்புறம் தன் கையிலிருந்த பூங்கொத்திலிருந்து ஒரு பூவை உருவி எனக்குக் கொடுத்தார். முப்பத்தொரு வருஷம் தமிழ் சொல்லிக்கொடுத்ததற்கு எங்கேயோ ஒரு ஊரில் பூ கிடைக்கும் என்று நான் நினைத்தேனா? அங்கேயே உன்னை நினைத்துக்கொண்டேன். அந்தப் பூவில் பாதி உனக்கு.

ஒரு விஷயம், மறப்பதற்குள் சொல்கிறேன். அந்த ஊரில் 'ஆமாம்' என்றால் தலையைப் பக்கவாட்டில் அசைப்பார்கள். 'இல்லை' என்றால் மேலும் கீழும். கூட வந்த ஜெர்மன்காரர்கள் கடைசிநாள் வரை குழம்பினார்கள். எனக்கு ஆமாமில் ஒரு சிக்கலும் இல்லை, நாம் 'சரி சரி' என்று ஆட்டுகிற ஆட்டல்தானே அது!

அன்று மதியமே போயானா தேவாலயம். சோஃபியாவின் ஓரத்தில், மலையடிவாரத்தில், மரங்களுக்கு நடுவே ஒரு சின்னக் கட்டடம். வெளியே இருந்து பார்த்தால் ஒன்றுமே தோன்றாது. மூச்சுக்காற்றின் ஈரம் ஓவியத்தைக் கெடுக்கும் என்பதால் சில பேராகத்தான் உள்ளே விடுகிறார்கள், அதுவும் பத்து நிமிஷம். சுவரெல்லாம் 1259இல் தீட்டிய ஓவியங்கள். பழைய கோயிலைப் பெரிதாக்கிக் கட்டுவித்த கலோயனும் அவர் மனைவி தெசிஸ்லாவாவும் நிற்கிறார்கள். அந்தப் பெண்ணின் முகம் இருக்கிறதே, வசந்தா, எதிர்வீட்டில் பார்த்த முகம் மாதிரி. சுவரில் வரைந்த சீமாட்டி என்று தோன்றாது. பத்து நிமிஷத்தில் ஏழு நிமிஷம் நான் அவள் முன்னால்தான் நின்றேன்.

ரிலா மடத்தைப் பற்றி இரண்டு பக்கம் எழுதலாம். மலைக்குள் 1,147 மீட்டர் உயரத்தில் கோட்டை மாதிரி நிற்கிறது. வாசலுக்குள் நுழைந்தால் கறுப்பும் வெள்ளையும் பட்டையடித்த வளைவுகள், மர மாடங்கள், நடுவில் கோயில், அதன் முகமண்டபம் முழுக்க வண்ணம். மடம் பத்தாம் நூற்றாண்டில் இவான் என்ற துறவியால் தொடங்கியது. 1833இல் தீப்பிடித்து ஏறக்குறைய எல்லாம் போய்விட்டது. அப்போது நாடு துருக்கியர் ஆட்சியில் இருந்தது. இருந்தும் ஊர் ஊராகக் காசு திரட்டித் திரும்பக் கட்டிவிட்டார்கள். தப்பி நின்றது 1335இல் எழுப்பிய ஒரு கல்கோபுரம் மட்டும்.

அங்கே அருங்காட்சியகத்தில் ஒரு மரச்சிலுவை. ஒற்றை மரத்துண்டு, இரண்டு முழத்துக்குக் கொஞ்சம் குறைவு. ரஃபயில் என்ற துறவி அதில் 104 காட்சிகள், 650 உருவங்கள் செதுக்கியிருக்கிறார். ஒவ்வொரு உருவமும் அரிசி அளவுதான். பன்னிரண்டு வருஷம் உட்கார்ந்து, 1802இல் முடித்தபோது அவருக்குப் பார்வை போய்விட்டதாம். கண்ணாடிப்பெட்டியைச் சுற்றிச்சுற்றி வந்தேன். முடித்ததை அவரால் முழுசாகப் பார்க்கமுடிந்திருக்குமா என்ற கேள்வி இன்னும் என்னைவிட்டுப் போகவில்லை.

இந்த மடங்களில்தான் அந்த ஐந்நூறு வருஷமும் அவர்கள் மொழி பிழைத்துக் கிடந்தது. 1762இல் பைசி என்ற ஒரு துறவி, உங்கள் மொழியைச் சொல்ல வெட்கப்படாதீர்கள் என்று பல்கேரியர்களின் வரலாற்றை எழுதிவைத்தார். அச்சு கிடையாது. கையால் படியெடுத்துப் படியெடுத்து ஊர்களுக்குப் போயிருக்கிறது. எனக்கு ஓலைச்சுவடி தேடி அலைந்த நம் ஐயர்தான் நினைவுக்கு வந்தார்.

பிளோவ்டிவ் போகும் வழியில் பஸ்ஸில் ஒரு பாட்டுப் போட்டார் வழிகாட்டி. ரோடோப்பி மலையைச் சேர்ந்த வால்யா பால்கன்ஸ்கா பாடியது. தோல்பை வைத்து ஊதும் கைடா என்ற வாத்தியம் பின்னால் இழுத்துக்கொண்டே இருக்க, அதன்மேல் அந்தக் குரல் ஏறுகிறது. 1977இல் வாயேஜர் விண்கலங்களில் வைத்து அனுப்பிய தங்க இசைத்தட்டில் இந்தப் பாட்டும் இருக்கிறது. நம் நாட்டு கேசர்பாய் கேர்கரின் குரலும் அதே தட்டில்தான் போய்க்கொண்டிருக்கிறது என்று நான் சொன்னேன். வழிகாட்டிக்கு அது புதுச் செய்தி. எழுதி வைத்துக்கொண்டார்.

பிளோவ்டிவில் ரோமானியர் காலத்துத் திறந்தவெளி அரங்கம் மலைச்சரிவில் இருக்கிறது. மண்சரிவு ஒன்றுக்குப் பிறகு 1970களில்தான் முழுசாகத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். இப்போதும் அங்கே இசைநாடகம் நடக்கிறது. கடைத்தெருவுக்கு அடியில் ஒரு பெரிய பந்தய மைதானமே புதைந்து கிடக்க, அதன்மேல் ஜனங்கள் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டு நடக்கிறார்கள். 1943இல் இந்த ஊர் யூதர்களை நாஜி முகாம்களுக்கு ரயிலேற்றப் பிடித்து வைத்திருந்தபோது பேராயர் கிரில் போய் நின்று தடுத்தாராம். நாட்டுக்குள் இருந்த ஏறத்தாழ 48,000 யூதர்கள் அப்படி நாலைந்து இடங்களில் எழுந்த எதிர்ப்பால் தப்பினார்கள். ஆனால் பல்கேரியா அப்போது பிடித்து வைத்திருந்த திரேஸ், மாசிடோனியாவிலிருந்து பதினோராயிரத்துக்கும் மேற்பட்டவர்களை அனுப்பிவிட்டார்கள். யாரும் திரும்பவில்லை என்றே சொல்லலாம். வழிகாட்டி இரண்டையும் சேர்த்தே சொன்னார். அவர்மேல் எனக்கு மரியாதை வந்தது அந்த இடத்தில்தான்.

இனி நான் உனக்குச் சொல்லவே காத்திருந்தது. பழைய பிளோவ்டிவ் சந்துகளில் நடக்கும்போது கதவுகளில், மரங்களில், பஸ் நிறுத்தங்களில் சின்னச்சின்னத் தாள் ஒட்டியிருந்தது. கறுப்புக் கரை, ஒரு முகம், பெயர், நாலு வரி. பார்த்ததுமே தெரிந்துவிட்டது, நம்ம ஊர்க் கண்ணீர் அஞ்சலி! அங்கே 'நெக்ரோலோக்' என்கிறார்கள். நம்மூரில் இறந்த அன்றைக்கும், போனால் முதலாண்டுக்கும் ஒட்டுவோம். அவர்கள் நாற்பதாம் நாள், ஆறு மாதம், ஒரு வருஷம், ஐந்து, பத்து, இருபது என்று ஒட்டிக்கொண்டே இருக்கிறார்கள். வெயிலில் வெளுத்த பழைய தாளின்மேல் புதுத்தாள். ஒரு வீட்டுக் கதவில், பன்னிரண்டு வருஷத்துக்கு முன் போன கணவருக்கு மனைவி ஒட்டியது. "என்ன எழுதியிருக்கிறது?" என்று கேட்டேன். "இன்றைக்கும் உன் நாற்காலியை நகர்த்தவில்லை" என்று வழிகாட்டி படித்துச் சொன்னார். நம் வீட்டுத் திண்ணையில் அவர் நாற்காலி கிடப்பது உனக்குத் தெரியும். நான் அங்கே கொஞ்ச நேரம் நின்றேன். யாரும் அவசரப்படுத்தவில்லை.

மறுநாள் கசான்லுக். இரண்டு மலைத்தொடர்களுக்கு நடுவே ரோஜாப் பள்ளத்தாக்கு. விடிவதற்கு முன்பே கூட்டிப்போய்விட்டார்கள். வெயில் ஏறினால் வாசனை பறந்துவிடும், அதனால் காலை பத்துக்குள் பறித்து முடித்துவிடுவார்கள். இடுப்பில் பையைக் கட்டிக்கொண்டு பெண்கள் மளமளவென்று கிள்ளுகிறார்கள். நானும் கொஞ்சம் பறித்தேன். நம்ம பன்னீர் ரோஜாதான், வசந்தா! அதே வெளிர் ரோஸ், அதே வாசம். ஒரு கிலோ எண்ணெய்க்கு மூவாயிரம் நாலாயிரம் கிலோ பூ வேண்டும். பூவைத் தண்ணீரோடு போட்டுக் காய்ச்சி வடிக்கிறார்கள். அண்டாவுக்குத் துருக்கியில் கசான். ஊர்ப்பெயரே அதிலிருந்துதான் வந்ததாம்.

அதே ஊரில் 1944இல் சிப்பாய்கள் மண் தோண்டும்போது ஒரு கல்லறை அகப்பட்டது. கிறிஸ்துவுக்கு முன் நாலாம் நூற்றாண்டில், அந்த மண்ணில் வாழ்ந்த பழங்குடிகளான திரேசியர் கட்டியது. அசலைப் பூட்டிப் பாதுகாக்கிறார்கள், நமக்குக் காட்டுவது பக்கத்தில் அச்சுஅசலாகக் கட்டிய நகல். நகலாயிருந்தால் என்ன! குனிந்து நுழைந்து நிமிர்ந்தால் கூரையைச் சுற்றி ஓவியம். குதிரைகள், விருந்துத் தட்டுகள், நடுவே கணவனும் மனைவியும். ஒருவர் மணிக்கட்டை ஒருவர் பிடித்திருக்கிறார்கள். அவள் தலை கொஞ்சம் கவிழ்ந்திருக்கிறது. அது விருந்தா, விடைபெறுவதா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் கடைசி இரண்டு நாள் அவர் என் கையைப் பிடித்திருந்தது அப்படித்தான்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஷிப்கா கணவாயில் ஒரே பனிமூட்டம். 1877இல் துருக்கியரை எதிர்த்து ரஷ்யர்களும் பல்கேரியர்களும் குண்டு தீர்ந்ததும் கல்லை உருட்டிச் சண்டைபோட்ட இடம் அது. வெலிகோ தர்னோவோ பழைய தலைநகர், 1393இல் துருக்கியர் பிடிக்கும் வரை. யாந்திரா ஆறு வளைந்து வளைந்து ஓட, அதன் மேலே குன்றில் கோட்டை, எதிரே அடுக்கடுக்காக வீடுகள். இங்கே மட்டும் இரண்டு நாள் இருந்திருக்கலாம். ஆனால் தங்கிய ஹோட்டலில் லிஃப்ட் இல்லை, மூன்றாவது மாடியில் அறை கொடுத்துவிட்டார்கள். நீ வரும்போது முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். மதராவில் செங்குத்துப் பாறையில் 23 மீட்டர் உயரத்தில் குதிரைவீரன் ஒருவனைச் செதுக்கியிருக்கிறார்கள். எட்டாம் நூற்றாண்டு. மழையும் வெயிலும் தின்றதில் உருவம் மங்கிக்கொண்டு வருகிறது, பார்க்க மனசு கஷ்டப்பட்டது. வர்னாவில் ஆறாயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு முந்தைய தங்க நகைகள். 1972இல் பள்ளம் தோண்டும்போது கிடைத்தவை. அவ்வளவு பழைய பொன்வேலை உலகத்திலேயே அபூர்வம் என்கிறார்கள்.

சாப்பாட்டுக்குக் கவலையே இல்லை. அவர்களும் தயிர்ச் சனங்கள்தான். பாலைத் தயிராக்கும் நுண்ணுயிரை 1905இல் கண்டுசொன்னவரே ஸ்தாமென் கிரிகோரோவ் என்ற பல்கேரியர்தான், அதற்கு அவர்கள் நாட்டுப் பெயரே இருக்கிறது. தயிரில் வெள்ளரிக்காய், பூண்டு, வால்நட் போட்டுச் சில்லென்று கொடுக்கும் தராதோர், நம் பச்சடியைத் தண்ணீராகக் கரைத்த மாதிரி. தினம் இரண்டு கிண்ணம் குடித்தேன்.

ரிலா மலையின் ஏழு ஏரிகளை மட்டும் பார்க்கவில்லை. மே மாதத்தில் மேலே பனி கிடக்கும், ஜூலை ஆகஸ்டில்தான் நன்றாகப் போகலாமாம். இழுவை நாற்காலியில் உட்கார்ந்தபடியே மேலே போய்விடலாம், அப்புறம்தான் நடை. அடுத்த வருஷம் உன் கால் எப்படி இருக்கிறது என்று பார்த்துச் சொல். நான் மறுபடி வரத் தயார்.

உனக்கு ஒரு சொட்டு ரோஜா எண்ணெய், வண்ணம் தீட்டிய மரக்கூட்டுக்குள் வாங்கி வைத்திருக்கிறேன். ஆடிப்பெருக்குக்குக் கும்பகோணம் வரும்போது கொண்டுவருகிறேன்.

அப்புறம் ஒரு வேலை. ஆவணியில் அவருக்கு மூன்றாவது வருஷத் திதி. இந்தத் தடவை கேட் பக்கத்தில் ஒரு சின்னத் தாள் ஒட்டலாம் என்றிருக்கிறேன். பெரிய பேனரெல்லாம் வேண்டாம். அவர் சிரிக்கிற அந்தப் படம், பெயர், நாலு வரி. அந்த நாலு வரியை நீ எழுதிக்கொடு. அச்சடிக்கப்போவதில்லை, உன் கையெழுத்திலேயே இருக்கட்டும். உன் கையெழுத்தை அவர் எவ்வளவு மெச்சுவார் என்று உனக்கே தெரியும்.

அன்புடன்,
கமலா