சிட்னியில் தொடர்மாடி வீடு வைத்திருப்போர் கவனத்துக்கு

அண்ணாமார், அக்காமார் எல்லோருக்கும் வணக்கம். கிளிநொச்சியிலிருந்து எழுதுகிறேன். சிட்னியில் என் பெரியக்கா இருக்கும் தொடர்மாடியை ஒட்டுமொத்தமாக விற்கப் போகிறார்கள், அக்கா கையெழுத்து வைக்கவில்லை. ஆனாலும் நியூ சவுத் வேல்ஸின் 2015ஆம் ஆண்டுச் சட்டப்படி 75 வீத வீடுகளின் சொந்தக்காரர் சம்மதித்து, நீதிமன்றமும் உத்தரவிட்டால் மிச்சப்பேரும் எழும்பத்தான் வேண்டும்.

காசு தருவார்கள், சரி. பழைய கட்டடத்தின் விலையில் வங்கிக் கடன் மிச்சத்தைக் கட்டிவிட்டு அதே பகுதியில் இன்னொரு வீடு வாங்க முடியாதென்று கணக்குப் பார்த்து, வீடியோவில் அழுதார். பெயிண்ட் வாளியில் வைத்த கறிவேப்பிலை பல்கனியில் அவர் தலை உயரத்துக்கு நிற்கிறது. 68 வயதில் மறுபடி மூட்டை கட்டுகிறார், வன்னியில் பங்கர் வெட்டி வெட்டி இடம்பெயர்ந்தது போதாதென்று.

ஒன்று முக்கியம். சம்மதிக்காதவருக்குச் சந்தை விலையோடு இடம்மாறும் செலவையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும். அவருடைய நியாயமான வழக்குச் செலவையும், நீதிமன்றம் வேறுவிதமாகச் சொன்னாலொழிய, உரிமையாளர் சங்கமே ஏற்க வேண்டும். ஆகவே செலவுக்குப் பயந்து கையெழுத்து வைத்துவிடாதீர்கள். இதில் அனுபவப்பட்டவர்கள் இன்றிரவே எனக்குத் தனியாக எழுதுங்கள், அக்காவின் கூட்டம் புதன்கிழமை.