டி8-இல் வைத்த ராஜா

அன்புள்ள சார்,

போன ஞாயிற்றுக்கிழமை செஸ் போட்டியின் ஐந்தாவது ரவுண்டில் உங்கள் எதிரே உட்கார்ந்து ஆடியவன் நான். கிளம்புகிற அவசரத்தில் உங்கள் போன் நம்பரை வாங்க மறந்துவிட்டேன். அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதல் இரண்டரை மணி நேரத்தை விட்டுவிடலாம். வெட்டி வெட்டிக் கடைசியில் போர்டில் மிஞ்சியது மூன்றே காய்கள். என் ராஜா இ5 கட்டத்தில், என் சிப்பாய் இ6-இல், அதை மறித்துக்கொண்டு இ7-இல் உங்கள் ராஜா. நகர்த்த வேண்டியது நீங்கள். நேராகப் பின்னால் இ8-க்குப் போனால் டிரா. நான் டி6 வந்தால் நீங்கள் டி8; சிப்பாயைத் தள்ளி செக் வைத்தால் மறுபடி இ8; சிப்பாயைக் காப்பாற்ற நான் இ6 வந்தால் ஸ்டேல்மேட், அதாவது செக் இல்லாமலே உங்களுக்கு நகர்த்த இடமில்லாமல் போய் டிரா. சாய்வாக டி8-க்கோ எஃப்8-க்கோ போனால் மட்டும்தான் தோல்வி.

சரி, டிராதான் என்று தண்ணீர் குடிக்க எழுந்து போனேன். திரும்பி வந்தால் உங்கள் ராஜா டி8-இல் நிற்கிறது, என் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது. நான் டி6 வைத்தேன். சிப்பாய் ராணியாவதற்கு முன்பே தோல்வியை ஒப்புக்கொண்டு கை கொடுத்துவிட்டீர்கள்.

அப்புறம் டீக்கடையில், “இ8 தெரியாதா சார்?” என்று கேட்டேன். அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. “தெரியும் தம்பி. டி8-ல வச்சுக் கையை எடுத்த பிறகுதான் பார்த்தேன்” என்றீர்கள். நான் அங்கே இல்லை. நடுவர் வேறு வரிசையில் இருந்தார். ராஜாவை ஒரு கட்டம் தள்ளி வைத்திருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காது. கையை எடுத்தால் எடுத்ததுதான் என்ற விதிக்காக, பார்க்க ஆளில்லாத நேரத்திலும் கடிகாரத்தை அழுத்திவிட்டு எனக்காகக் காத்திருந்தீர்கள். ஒரு வாரமாக இதுவே மனதில் ஓடுகிறது.

அந்த டி8-க்காக நீங்கள் வெட்கப்படவே வேண்டாம் சார். 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில், உலகச் சாம்பியன் போட்டியின் பதினான்காவது ஆட்டத்தில், டிராவாக வேண்டிய நிலையில்தான் அப்போதைய சாம்பியன் டிங் லிரன் 55-வது நகர்த்தலாக யானையை எஃப்2-இல் வைத்தார். குகேஷ் யானையையும் பிஷப்பையும் மாற்றிக்கொண்டு, ராஜாவும் சிப்பாய்களும் மட்டும் மிஞ்சும் முடிவாட்டத்துக்கு இழுத்துப் போய் ஜெயித்தார். நாம் ஆடியதும் அந்த வகைதானே.

அடுத்த மாதப் போட்டிக்கும் பெயர் கொடுத்திருக்கிறேன். வருவதாக இருந்தால் ஒரு மணி நேரம் முன்னதாகவே வாருங்கள். ரவுண்டு தொடங்குவதற்குள் நாம் ஒரு ஆட்டம் போடலாம். டீக்கு நான் காசு கொடுக்கிறேன்.

அன்புடன்,
வெள்ளைக் காய்களில் ஆடிய தம்பி