தாத்தாவின் காலில் இருந்த குண்டு: தேடலில் துணை நின்றவர்களுக்கு நன்றி

அன்புடையீர், வணக்கம்.

1987-ல் தாத்தாவைத் தகனம் செய்த மறுநாள், பாலாற்றங்கரையில் எலும்பு பொறுக்கப் போன அப்பாவின் கையில் பட்டாணி அளவில் ஓர் இரும்புக் குண்டு அகப்பட்டது. அதை வேட்டி முனையில் முடிந்துவந்து தாத்தாவின் தகரப் பெட்டியில் போட்டுவைத்தார். "பர்மா சண்டையில பட்ட துப்பாக்கிக் குண்டு" என்றே எங்கள் வீட்டில் முப்பது வருடத்துக்கு மேலாகச் சொல்லிவந்தோம். அது பர்மாவும் இல்லை, துப்பாக்கியும் இல்லை. இதைத் தெரிந்துகொள்ள எனக்கு மூன்று வருடம் ஆனது. அந்த மூன்று வருடமும் கூட இருந்தவர்களுக்குத்தான் இந்த மடல்.

முதல் நன்றி என் அத்தைக்கு. தாத்தாவின் பதக்கங்கள் வீடு மாறியபோது எங்கேயோ தொலைந்துவிட்டன. அதில் ஒன்றின் நாடாவை மட்டும் அத்தை தன் சுருக்குப் பையில் பத்திரப்படுத்தியிருந்தார். சாயம் மங்கிய, இரண்டு விரல் நீளத் துணி. அதுகூட இல்லையென்றால் நான் இன்னும் பர்மாவிலேயே தேடிக்கொண்டிருப்பேன்.

அந்த நாடாவைக் கையில் வாங்கியதுமே, "இது பர்மா இல்லம்மா, இத்தாலி" என்று சொன்னவர் எங்கள் பக்கத்து ஊர் கௌரவ கேப்டன் ஐயா. மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படையில் இருந்து ஓய்வு பெற்றவர். சிவப்பு, வெள்ளை, பச்சை, வெள்ளை, சிவப்பு என்று ஐந்து பட்டைகளும் சம அகலத்தில் இருந்தால் அது இத்தாலி ஸ்டார் பதக்கத்தின் நாடா. பர்மா ஸ்டாருக்குக் கருநீலமும் சிவப்பும் ஆரஞ்சும் வரும் என்று விளக்கினார். ஐயா, அன்றைக்கு எனக்குக் காபி ஆறிப்போனதே தெரியவில்லை.

பெங்களூருவில் பதிவேட்டுப் பிரிவில் இருந்த அந்த ஹவில்தார் அண்ணனை என்ன சொல்லி வாழ்த்துவது? தாத்தாவின் படை எண் எங்களிடம் இல்லை. அவர் பெயரை ஆங்கிலத்தில் எப்படி எழுதியிருப்பார்கள் என்றும் தெரியாது. வேறோர் அலுவலகத்தில் "நம்பர் இல்லாம வராதீங்க" என்று இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டார்கள். இவரோ உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, தாத்தாவின் அப்பா பெயரையும் தாலுகாவையும் கேட்டார். நான் வேலூர் மாவட்டம் என்று எழுதிக் கொடுத்திருந்ததை அடித்துவிட்டு, "அப்போ இது வட ஆற்காடுல்ல?" என்றார். அந்த ஒரு திருத்தத்தில் ஷீட் ரோல் என்ற பணிப் பதிவேடு கிடைத்தது. 1940-ல் சேர்ந்தார். மெட்ராஸ் சாப்பர்ஸின் 12-வது ஃபீல்டு கம்பெனி, 4-வது இந்திய டிவிஷன். 1944 மார்ச்சில் இத்தாலியில் இடது காலில் காயம். அடுத்த ஆண்டு ஊனமுற்றோர் ஓய்வூதியத்துடன் விடுவிப்பு. மஞ்சளேறிய தாளில் தாத்தாவின் பெருவிரல் ரேகையும் இருந்தது. அதன் மேல் என் விரலை வைத்துப் பார்க்க அனுமதித்தீர்களே அண்ணா, அதற்குத் தனியாக ஒரு நன்றி.

லண்டனில் வேலை பார்க்கும் என் கல்லூரித் தோழி, தன் இரண்டு விடுமுறை நாட்களை அங்கே கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் செலவழித்து, அந்தக் கம்பெனியின் போர் நாட்குறிப்பைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து அனுப்பினாள். அதில் தாத்தாவின் பெயர் இல்லை. சிப்பாய்களின் பெயரை அப்படியெல்லாம் எழுதுவதில்லையாம். காயம் இத்தனை பேர் என்று எண்ணிக்கைதான். ஆனால் அவர்கள் என்ன வேலை செய்தார்கள் என்பது தெரிந்தது. 1944 பிப்ரவரி 15-ல் மோன்டே கஸினோ மடத்தின் மேல் நேச நாட்டு விமானங்கள் குண்டு போட்டதைப் பலரும் படித்திருப்பீர்கள். அந்த மடத்துக்குப் பின்புற மலையில், கோவேறு கழுதைகள் போகிற தடத்தை டாங்கிகள் ஏறுகிற பாதையாக வெட்டும் வேலையில் நம் சாப்பர்களும் இருந்திருக்கிறார்கள். கண்ணிவெடியைத் தேடி எடுப்பதும் அவர்கள் வேலையே. கேவென்டிஷ் ரோடு என்று பெயரிட்ட அந்தப் பாதை கைரா கிராமத்திலிருந்து மேலேறிப் போய்ச் சேரும் சமதளத்துக்கு வரைபடத்தில் என்ன பெயர் தெரியுமா? மெட்ராஸ் சர்க்கஸ். இத்தாலி மலை மேல் நம் ஊர்ப் பெயர்! இரவு ஒரு மணிக்கு அதைப் படித்துவிட்டு அப்பாவை எழுப்பினேன்.

அந்த இரும்புக் குண்டைப் பற்றிச் சொன்னவர், வெடிபொருள் அகற்றும் பணியில் பல ஆண்டுகள் இருந்த ஓய்வுபெற்ற சுபேதார் ஐயா. உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார். தோட்டா இப்படி உருண்டையாக இருக்காது, அநேகமாக ஜெர்மானியரின் எஸ்-மைன் என்றார். கால் பட்டதும் இடுப்புயரம் எகிறி, அதன் பிறகு வெடிக்கும் கண்ணி அது. உள்ளே ஏறக்குறைய 350 எஃகுக் குண்டுகள் அடைத்திருக்கும். "உங்க தாத்தாவுக்கு ஆயுசு கெட்டி" என்று சொல்லிவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார்.

எனக்கு அப்போது பந்திதான் நினைவுக்கு வந்தது. தாத்தாவால் சம்மணம் போட முடியாது. இடது காலை நீட்டித்தான் உட்காருவார். ஒரு கல்யாணத்தில் யாரோ, "இலைக்கு நேரா காலை நீட்டுறாரு பாரு" என்று முணுமுணுத்தார்கள். அதற்குப் பிறகு அவர் எந்தப் பந்தியிலும் உட்காரவில்லை. மொய் எழுதிவிட்டு வீட்டுக்கு வந்து கஞ்சி குடிப்பார். மழைக்காலத்தில் ஆயா நொச்சி இலை வதக்கி ஒத்தடம் கொடுப்பார். ஒருநாளும் காரணம் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. கேட்காமல் விட்டதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு கனக்கிறது.

கடைசியாக, கஸினோ ஊரில் பள்ளி ஆசிரியையாக இருக்கும் அந்தச் சகோதரிக்கு. முகம் தெரியாத எனக்காக மார்ச் மாதக் குளிரில் அந்தப் பாதையில் நடந்து, மெட்ராஸ் சர்க்கஸ் இருந்த இடத்தைப் படம் எடுத்து அனுப்பினீர்கள். கூடவே ஒரு பொட்டலத்தில் அங்கிருந்து ஒரு கூழாங்கல்லும் வந்தது. அதைத் தகரப் பெட்டியில் அந்தக் குண்டுக்குப் பக்கத்தில் அத்தையே வைத்தார்.

எழுபத்தாறு வயதில் அத்தை முதன்முறையாக பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்திருக்கிறார். வருகிற மார்ச்சில் வருகிறோம், சகோதரி. அவரால் மேலே வரை ஏற முடியாது. கைராவிலிருந்து எவ்வளவு தூரம் வண்டி போகும் என்று மட்டும் சொல்லுங்கள்.