எந்த ஊர்ப் பையன்?

அன்புள்ள கயல்,

கட்டிக்கொள்ளப்போகிறவன் என்று போனில் நீ ஜெரோம் பேரைச் சொன்னதும் நான் கேட்ட முதல் கேள்வி, "எந்த ஊர்ப் பையன்?" திண்டுக்கல் என்றாய். "திண்டுக்கல்லில் எங்கே?" என்றேன். போனை வைத்துவிட்டாய்.

வைத்தது சரிதான். அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எனக்கு அதைப் பிட்டுப் பிட்டு வைத்தவன் லெபனான்காரன் ஒருவன்.

2010இல் ஐ.நா. படையில் தெற்கு லெபனானுக்குப் போனேனே, நீ எட்டாவது படித்தாய். 1998 முதல் நம் ராணுவத்தின் பட்டாலியன் ஒன்று மாறி மாறி அங்கே இருக்கிறது. ரோந்து கிளம்பினால் கியாம், ஷியாக்கள் ஊர். எதிர் மேட்டில் மர்ஜயூன், கிறிஸ்தவர்கள். அந்தப் பக்கம் ஹஸ்பயாவில் ட்ரூஸ் என்ற தனி மதப் பிரிவின் பெரியவர்கள் வெள்ளைக் குல்லாவோடு உட்கார்ந்திருப்பார்கள். மேலே ஏறினால் ஷெபா, சன்னிகள். எல்லா ஊரிலும் அதே ஆலிவ் மரம், அதே ரொட்டி.

எங்களுக்கு மொழிபெயர்ப்பாளனாக வந்த பையன் கியாம்காரன். "இங்கே யாரும் என்ன மதம் என்று கேட்க மாட்டார்கள் சார், ஊரைக் கேட்பார்கள். அது போதும்" என்றான். எனக்குச் சிரிப்பு வந்தது. நம் ஊரில் "எந்தத் தெரு?" என்பார்களே, அதேதான். 1975 முதல் 1990 வரை நடந்த உள்நாட்டுப் போரில் ஊரைக்கூடக் கேட்கத் தேவைப்படவில்லையாம். அடையாள அட்டையிலேயே மதம் அச்சாகியிருந்தது. வண்டியை நிறுத்தி, அட்டையைப் பார்த்து, ஆளை இறக்கிச் சுட்டிருக்கிறார்கள்.

அந்த நாட்டில் ஜனாதிபதி மரோனைட் கிறிஸ்தவர், பிரதமர் சன்னி, சபாநாயகர் ஷியா. 1943இல் பேசி வைத்துக்கொண்டது. நாடாளுமன்றத்தின் 128 இடமும் கிறிஸ்தவர்களுக்குப் பாதி, மற்றவர்களுக்குப் பாதி. நாங்கள் இருந்த மர்ஜயூன்–ஹஸ்பயாவுக்கு ஐந்து இடம்: ஷியா இரண்டு, சன்னி ஒன்று, ட்ரூஸ் ஒன்று, ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர் ஒன்று. அவரவர் பங்கு அவரவருக்கு, நல்ல ஏற்பாடுதானே என்று எனக்கு முதலில் பட்டது. ஆனால் பாரேன், 1932க்கு அப்புறம் அங்கே மக்கள்தொகைக் கணக்கே எடுக்கவில்லை. எடுத்தால் யார் எத்தனை பேர் என்று தெரிந்துவிடும், நாற்காலி ஆடும்.

அந்த மொழிபெயர்ப்பாளப் பையன் மர்ஜயூன் பெண்ணைக் கட்டியிருந்தான். அங்கே பதிவுத் திருமணம் கிடையாது. அரசு ஏற்றுக்கொண்ட பிரிவுகள் 18; கல்யாணம், விவாகரத்து எல்லாம் அந்தந்த மதக் கோர்ட்டில்தான். இரண்டு பேரும் மதம் மாற மாட்டோம் என்று சைப்ரஸுக்கு விமானம் ஏறியிருக்கிறார்கள். ஒரு மணி நேரம்கூட ஆகாது. அங்கே முனிசிபல் ஆபீசில் கையெழுத்துப் போட்டுத் திரும்பினால் லெபனான் அரசு அதை ஒத்துக்கொள்கிறது! தன் மண்ணில் செய்யாததை அடுத்த நாடு செய்தால் சரி. ஆனாலும் பெண்ணின் பேர் புருஷனுடைய ஊர்ப் பதிவேட்டுக்கு மாறிவிட்டது. மர்ஜயூனில் பிறந்தவள் இனி கியாமில்தான் ஓட்டுப் போட வேண்டும். பதிவேட்டிலிருந்து மதத்தை எடுத்துக்கொள்ளலாம் என்று 2009இல் அனுமதி வந்தது. அவன் எடுக்கவில்லை. "எடுத்துவிட்டு, நாளைக்குச் சொத்துப் பிரச்சினை என்றால் எந்தக் கோர்ட்டுக்குப் போவேன்?" என்றான்.

அவன் கதையை உச்சுக்கொட்டிக் கேட்டவன்தான், சொந்த மகளிடம் "திண்டுக்கல்லில் எங்கே?" என்று கேட்டேன்.

நேற்றுப் பதிவாளர் அலுவலகத்தில் விசாரித்தேன். 1954ஆம் வருஷச் சிறப்புத் திருமணச் சட்டம். மதம் மாற வேண்டாம், விமானமும் வேண்டாம். கோவையில் நோட்டீஸ் கொடுத்து 30 நாள் பொறுக்க வேண்டும். உன் நிரந்தர முகவரி வேலூர் என்பதால் நகல் இங்கேயும் பலகையில் தொங்குமாம். யாராவது பார்த்துவிட்டு வீட்டு வாசலுக்கு வருவான். வரட்டும், நான் பேசிக்கொள்கிறேன். அம்மா இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை, அவளை அவசரப்படுத்தாதே.

சாட்சிக் கையெழுத்து மூன்று வேண்டும் என்றார்கள். இரண்டு பேரை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். என் ஆதார் நகல் எத்தனை வேண்டும் என்று மட்டும் சொல்லு.

அப்பா