மாஸ்டர் பிளானுக்கு வண்ணம் பூசுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

நகரத் திட்டங்களை வரையும் அதிகாரிகளுக்கும் அவற்றில் கையெழுத்துப் போடும் மேயர்களுக்கும் வணக்கம்.

போன மாதம் எழுபது வயது தாண்டிய என் அம்மாவோடு ஆறு வழிச் சாலை ஒன்றைக் கடக்க நின்றிருந்தேன். பச்சை விழுந்தது, இறங்கினோம், பாதி தூரம் போவதற்குள் சிவப்பு விழுந்துவிட்டது. நடுவில் இருந்த ஒரு முழ அகலத் திட்டில் அம்மா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றார், முன்னாலும் பின்னாலும் வண்டிகள் உரசுவதுபோலப் போய்க்கொண்டே இருந்தன. அந்தப் பக்கம் போய் வாங்க வேண்டியிருந்தது ஒரே ஒரு மாத்திரை அட்டை. எங்கள் பக்கத்தில் மருந்துக்கடை கிடையாது, ஏனென்றால் அந்தப் பகுதி முழுக்க உங்கள் வரைபடத்தில் குடியிருப்பு என்று மஞ்சள் பூசியிருக்கிறது.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். கடை எங்கே வரலாம் என்று முடிவு செய்தது ஓர் அலுவலகம், சாலை எவ்வளவு அகலம் என்று முடிவு செய்தது இன்னொன்று, சிக்னலில் எத்தனை வினாடி என்பது மூன்றாவது. மூன்று கோப்புகளும் ஒரே மேசையில் ஒருநாளாவது சந்தித்திருக்குமா? எனக்குச் சந்தேகம்தான். ஆனால் என் அம்மாவுக்கு அவை மூன்றும் ஒரே நடை.

நான் சொல்ல வருவது இதுதான். போக்குவரத்து என்று தனியாக ஒரு பிரச்சினை இல்லை. வீட்டை இங்கேயும் வேலையை அங்கேயும் பள்ளியை வேறெங்கோவும் வைத்தால் அத்தனை பேரும் காலையில் ஒரே நேரத்தில் கிளம்பத்தான் வேண்டும். அந்த நெரிசலுக்கான விதையை நீங்கள் வரைபடத்துக்கு வண்ணம் பூசும்போதே போட்டுவிடுகிறீர்கள், பத்து வருடம் கழித்து அதற்கு மேம்பாலம் கட்டப் பணம் கேட்கிறீர்கள்.

நிலத்தை இப்படிப் பிரிக்கும் பழக்கம் ஒரு நல்ல காரணத்தோடு வந்தது என்பதை மறுக்கவில்லை. தோல் பதனிடும் ஆலைக்குப் பக்கத்தில் குழந்தைகள் தூங்கக் கூடாது, சரி. நியூயார்க் 1916-இல், எந்தப் பகுதியில் என்ன கட்டலாம் என்று சொல்லும் தன் மண்டல விதிகளைக் கொண்டுவந்தது. 1926-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் யூக்ளிட் என்ற சிற்றூரின் வழக்கில் இந்த அதிகாரம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பில் தனி வீடுகள் உள்ள பகுதிக்குள் வரும் அடுக்குமாடிக் கட்டடத்தை ஓர் ஒட்டுண்ணி என்றே குறிப்பிட்டிருக்கிறார்கள். புகையைத் தள்ளி வைக்கிற ஏற்பாடு, பத்தே வருடத்தில் வாடகைக்கு இருப்பவர்களைத் தள்ளி வைக்கிற ஏற்பாடாகிவிட்டதைக் கவனியுங்கள். 1933-இல் ஐரோப்பியக் கட்டடக் கலைஞர்கள் மர்செய்யிலிருந்து ஏதென்ஸுக்குக் கப்பலில் போய்க்கொண்டே கூட்டம் நடத்தி, நகரம் என்றால் வசிப்பது, வேலை, ஓய்வு, போக்குவரத்து என்று நான்கு வேலைகள், ஒவ்வொன்றுக்கும் தனி இடம் என்று வகுத்தார்கள். உலகம் முழுக்கத் திட்ட அலுவலகங்களில் இன்றும் அந்த நான்கின் வாசனை இருக்கிறது.

பிரிக்காமலும் ஒழுங்கு வைக்க முடியும். ஜப்பானில் மண்டல வகைகளை நாடு முழுமைக்கும் ஒரே சட்டம் வகுக்கிறது, மொத்தம் 13 வகை. அதில் மிகக் கட்டுப்பாடான குடியிருப்பு வகையில்கூட வீட்டோடு சேர்ந்த சிறு கடை ஒன்றை, 50 சதுர மீட்டருக்கு மேற்படாமல், நடத்தலாம். ஆலை வர முடியாது, பெரிய அங்காடி வர முடியாது, ஆனால் மருந்துக்கடை வரலாம். எங்கள் தெருவுக்கு நான் கேட்பது இவ்வளவுதான்.

அப்புறம் சாலை. நெரிசல் என்றாலே அகலப்படுத்து என்பதுதான் உங்கள் முதல் பதில், பெரும்பாலும் கடைசிப் பதிலும் அதுவே. ஹூஸ்டனின் கேட்டி நெடுஞ்சாலையை 2008-இல் விரிவாக்கி முடித்தார்கள். பக்கச் சாலைகளையும் சேர்த்தால் சில இடங்களில் 26 லேன் வரும். சில ஆண்டுகளிலேயே நெரிசல் நேரப் பயணம் மறுபடியும் நீண்டுவிட்டது. காரணம் எளிமையானது: வழி காலியாக இருக்கிறது என்று தெரிந்ததும் முன்பு ரயிலில் போனவர், வேறு நேரத்தில் போனவர், போகாமலே இருந்தவர் எல்லாரும் அதற்குள் வருகிறார்கள், அந்த வேகத்தை நம்பி இன்னும் தள்ளி வீடு கட்டுகிறார்கள். ஆண்டனி டௌன்ஸ் என்ற பொருளியலாளர் 1962-லேயே இதை எழுதிவிட்டார். தெரியாமல் செய்திருந்தால் மன்னித்துவிடலாம், ஆனால் அறுபது வருடமாகத் தெரிந்தே செய்வதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

எதிர்த்திசையில் நடந்ததையும் சொல்கிறேன். தென்கொரியாவின் தலைநகரமான சோலின் நடுவே சோங்கேசோன் என்ற ஓடை. அதை மூடி, மேலே உயர்நிலைச் சாலை கட்டியிருந்தார்கள், தினமும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் அந்த வழியே போயின. 2003-இல் அதை இடிக்கத் தொடங்கி, 2005-இல் ஓடையைத் திறந்துவிட்டார்கள். நகரம் நின்றுபோகும் என்று பயந்தார்கள், நிற்கவில்லை. ஆனால் இதைச் சொல்கிற பலர் ஒன்றை விட்டுவிடுகிறார்கள்: இடையில் 2004-இல் அந்த நகரம் தன் பேருந்துத் தடங்களை முழுதாக மாற்றி அமைத்தது, சாலை நடுவே பேருந்துக்கெனத் தனிப்பாதை போட்டது, பேருந்துக்கும் மெட்ரோவுக்கும் கட்டணத்தை இணைத்தது. மாற்றுவழி தயாராக இருந்தது. சாலையை மட்டும் எடுத்துவிட்டுப் பேருந்தைக் கூட்டாமல் விட்டால் மக்கள் உங்களைத் திட்டுவதில் நியாயம் உண்டு.

நான் இரண்டு நகரங்களைப் பற்றி விழுந்து விழுந்து படித்திருக்கிறேன். ஒன்று கோபன்ஹேகன். 1947-இல் அவர்கள் போட்ட திட்டம் விரித்து வைத்த கை மாதிரி இருக்கும். ரயில் பாதைகள் விரல்கள், வீடுகள் விரல்களை ஒட்டி, விரலிடுக்கில் பசுமை. இன்னொன்று பிரேசிலின் குரிச்சிபா. ஜைமே லெர்னர் என்ற கட்டடக் கலைஞர் மேயராக இருந்தபோது, 1974-இல், பேருந்துகளுக்கு மட்டுமான தனித்தடம் அங்கே ஓடத் தொடங்கியது. தனித்தடம் இப்போது எல்லாரும் போடுகிறார்கள். ஆனால் குரிச்சிபா செய்த முக்கியமான காரியம், அந்தத் தடங்களை ஒட்டிய நிலத்தில்தான் உயரமாகக் கட்டலாம், விலகிப் போகப் போக உயரம் குறைய வேண்டும் என்று விதித்தது. பேருந்து எங்கே போகிறதோ அங்கே ஆட்கள், ஆட்கள் எங்கேயோ அங்கே பேருந்து. நிலமும் பேருந்தும் ஒரே முடிவு! ரயில் நிலையத்தைச் சுற்றி இரண்டு மாடிக்கு மேல் கூடாது என்றும், பேருந்தே போகாத ஊர் எல்லையில் இருபது மாடி கட்டலாம் என்றும் அனுமதி கொடுத்திருப்பவர்கள், அந்த வரைபடத்தை இன்னொரு முறை எடுத்துப் பாருங்கள்.

பார்க்கிங் பற்றிச் சுருக்கமாக. ஒரு கார் நிற்க ஏறக்குறைய 12 சதுர மீட்டர் வேண்டும், உள்ளே வரத் திரும்ப வழியும் சேர்த்தால் அதைப்போல் இரண்டு மடங்கு. சில குடும்பங்கள் அவ்வளவு பெரிய அறையில்தான் மொத்தமாக வாழ்கின்றன. ஒவ்வொரு கட்டடமும் இத்தனை கார் நிறுத்தக் கட்டாயம் இடம் விட வேண்டும் என்ற விதி, கார் இல்லாதவரின் வாடகையிலும் அந்தச் செலவை ஏற்றுகிறது. மெக்ஸிகோ நகரம் 2017-இல் இதைத் தலைகீழாக்கியது: இவ்வளவுக்குக் குறையக் கூடாது என்பதை எடுத்துவிட்டு, இவ்வளவுக்கு மேல் போகக் கூடாது என்று மாற்றியது. ஜப்பானில் 1962 முதலே, நிறுத்த இடம் இருக்கிறது என்று சான்று காட்டினால்தான் காரைப் பதிவு செய்ய முடியும். அதனால் அங்கே தெரு யாருடைய கார் கொட்டகையும் அல்ல.

பொது இடம் என்று நீங்கள் ஒதுக்குவதையும் பார்த்திருக்கிறேன். கட்டடம், சாலை, பார்க்கிங் எல்லாம் போக மிஞ்சிய முக்கோணம், அதைச் சுற்றிக் கம்பி வேலி, மாலையில் பூட்டு. நியூயார்க்கில் 1961 விதிப்படி, கீழே பொது முற்றம் விட்டால் மேலே கூடுதல் தளம் கட்டிக்கொள்ளலாம். முற்றங்கள் நிறைய வந்தன, ஆனால் பலவற்றில் ஆளே இல்லை. வில்லியம் ஒயிட் என்ற நகர ஆய்வாளர் கேமராவோடு உட்கார்ந்து பார்த்துக் கண்டுபிடித்தது என்ன தெரியுமா? உட்கார இடம் இருக்கிற இடத்தில்தான் மக்கள் உட்காருகிறார்கள். கேட்டால் இதுகூடவா தெரியாது என்று தோன்றும். ஆனால் முற்றங்களில் இருக்கை கட்டாயம் என்று விதியைத் திருத்த 1975 ஆனது. நிழல், இருக்கை, பக்கத்தில் நாலு பேர் நடமாட்டம், இரவில் விளக்கு, இவை இருந்தால் என் அம்மா தனியாகவே வெளியே போவார்.

இதெல்லாம் பெரிய திட்டம், நாள் பிடிக்கும் என்பீர்கள். பிடிக்கட்டும். ஆனால் ஒன்றை இந்த மாதமே செய்யலாம். பல நாடுகளின் கையேடுகளில் நடப்பவரின் வேகத்தை வினாடிக்கு 1.2 மீட்டர் என்று வைத்துக்கொண்டு சிக்னல் நேரம் கணக்கிடுகிறார்கள். ஆறு வழிச் சாலை சுமார் 21 மீட்டர், ஆகவே பதினேழு பதினெட்டு வினாடி போதும் என்று வரும். வினாடிக்கு 0.8 மீட்டர் நடக்கிற ஒரு முதியவருக்கு அதே சாலையில் 26 வினாடி வேண்டும். இடையில் இருப்பது எட்டொன்பது வினாடி. எந்தச் சட்டத்தையும் திருத்தாமல், எந்த டெண்டரும் விடாமல், ஒரு பொறியாளர் பெட்டியைத் திறந்து மாற்றிவிடலாம்.

அப்படியே, அடுத்த முறை வரைவுத் திட்டத்தைக் கருத்துக் கேட்க வெளியிடும்போது வண்ணப் படத்தோடு இன்னொரு படமும் சேர்த்துப் போடுங்கள்: ஒவ்வொரு தெருவிலிருந்தும் மருந்துக்கடைக்கு, தொடக்கப்பள்ளிக்கு, பேருந்து நிறுத்தத்துக்கு நடந்துபோக எத்தனை நிமிடம், சிக்னலில் நிற்கிற நேரத்தையும் சேர்த்து. படம் வந்ததும் அதை அம்மாவோடு உட்கார்ந்து பார்த்துவிட்டு எங்கள் ஆட்சேபணையை எழுதி அனுப்புகிறோம்.