பத்துக்கு எட்டு: ஒரு நன்றி மடல்

எல்லோருக்கும் வணக்கம்.

ஃபைனல் முடிந்து ஒன்பது நாள் ஆகிறது. அன்று சாயங்காலமே இதை எழுதியிருக்க வேண்டும். தோற்ற கையோடு எழுதினால் நன்றியும் புலம்பல் மாதிரி இருக்கும் என்று தள்ளிப் போட்டேன். அப்புறம் பள்ளிக்கூடத்தில் டெஸ்ட் பேப்பர் கட்டு வந்து உட்கார்ந்துவிட்டது. இப்போதுதான் கை ஒழிந்தது.

விஷயம் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. கேரள-தமிழ்நாட்டு எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஆறு அணிகள் சேர்ந்து நடத்துகிற மிக்ஸட் டபுள்ஸ் டென்னிஸ் லீக் எங்களுடையது, ஒரு ஆணும் ஒரு பெண்ணும் ஜோடியாக ஆடுவது. ஒரு அணிக்கு மூன்று ஜோடி, ஒரு நாளைக்கு மூன்று ஆட்டம், அதில் இரண்டை ஜெயித்தால் வெற்றி. செட் ஒன்றுக்கு ஒன்று என்று வந்தால் மூன்றாவது செட் கிடையாது, பத்துப் புள்ளி டை-பிரேக். நாற்பதுக்கு நாற்பது என்று டியூஸ் வந்தால் அட்வான்டேஜ் எல்லாம் இல்லை, அடுத்த ஒரே புள்ளியில் கேம் முடிந்துவிடும். மேலே இருக்கும் நான்கு அணிகளுக்கு பிளேஆஃப். மூன்று வருஷமாக ஐந்தாவது இடத்திலேயே குடியிருந்த, கேரளப் பக்கத்துக் கொழிஞ்சாம்பாறைக்காரர்களான நாங்கள் இந்தத் தடவை நான்காவதாக எப்படியோ உள்ளே நுழைந்துவிட்டோம்.

முதல் நன்றி எங்கள் கோர்ட்டைப் பார்த்துக்கொள்கிற அண்ணனுக்கு. அவர் ஒரு நாள்கூட ராக்கெட்டைத் தொட்டதில்லை. ஆனால் பந்து எங்கே குதிக்கும், எங்கே படுக்கும் என்று அவருக்குத் தெரிந்த அளவுக்கு எங்களில் யாருக்கும் தெரியாது. பாலக்காட்டுக் கணவாய்க்கு நேராக இருக்கிற ஊர் எங்களுடையது. மார்கழி, தை மாதங்களில் கிழக்கேயிருந்து அடிக்கிற காற்றுக்குப் பனைமரமே பேயாட்டம் ஆடும். மண் கோர்ட்டுக்கு அந்தக் காற்றுதான் எமன். விடியற்காலையில் ஊற்றிய தண்ணீரைப் பத்து மணிக்குள் உறிஞ்சிவிடும், மேல்மண் பொடியாகி எதிர் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்துகொள்ளும். அண்ணன் ஐந்து மணிக்கே வந்து தண்ணீர் தெளிப்பார், கோணிச்சாக்கை இழுத்து மட்டம் பண்ணுவார், கல்லுப்பைத் தூவி ரோலரை உருட்டுவார். உப்பு ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளுமாம். கடைசியில் கயிறு கட்டிச் சுண்ணாம்புக் கோடு. “டீச்சர், கோடு காயற வரைக்கும் யாரும் உள்ள வந்துறாதீங்க” என்பார். நான் பலமுறை வந்திருக்கிறேன். மன்னித்துக்கொள்ளுங்கள் அண்ணா.

அந்தத் தண்ணீருக்கும் ஒரு கதை இருக்கிறது. தமிழ்நாடு விட வேண்டிய ஆழியாற்றுத் தண்ணீர் எல்லையில் இருக்கிற மணக்கடவில் வருஷத்துக்கு 7.25 டி.எம்.சி. வர வேண்டும், முழுசாக வந்ததா இல்லையா என்று டீக்கடையில் உட்கார்ந்து கணக்குப் பேசுகிற தாலுகா இது. இப்படிப்பட்ட ஊரில், தை மாதத்தில், பந்து விளையாடுகிற இடத்துக்குத் தண்ணீர் ஊற்றுகிறார்களாம் என்று பேச்சு வந்தது. நியாயமான பேச்சுதான். எனக்கே கூச்சமாகத்தான் இருந்தது. அப்போது பக்கத்துத் தோப்புக்காரர் ஒரு வழி சொன்னார். அவருடைய மாட்டுக்கொட்டகையைக் கழுவிவிடுகிற தண்ணீர் ஒரு குழியில் தேங்கி நிற்கும், அதை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். சாணி கலந்த தண்ணீர் என்பதால் மண் இறுகிப் பிடித்துக்கொண்டது, புழுதியும் அடங்கியது. நாற்றம்? இருந்தது. முதல் வாரம் விளையாட வந்த ஒருவர் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டே டாஸ் போட்டார். பந்து ஒரே சீராக எழும்பியதைப் பார்த்த பிறகு கைக்குட்டை பைக்குள் போய்விட்டது. தோப்புக்காரருக்கும் அவருடைய ஒன்பது மாடுகளுக்கும் எங்கள் அணியின் வணக்கம்.

அடுத்தது எனக்குப் பந்து அடித்துப் போட்ட தம்பி. என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவன், இப்போது கோவையில் கல்லூரியில் படிக்கிறான். மிக்ஸட் டபுள்ஸில் எழுதப்படாத ஒரு விதி உண்டு. எதிர் அணிக்காரர்களுக்கு என்ன செய்வதென்று தெரியாவிட்டால் பந்தை அந்தப் பெண்ணுக்கு அடிப்பார்கள். அதிலும் நாற்பத்து மூன்று வயசு, சேலைக் கட்டின் அடையாளம் இன்னும் இடுப்பில் போகாத டீச்சர் என்றால் கேட்கவே வேண்டாம். லீக் முழுக்க என் மேல் வந்த பந்துகளை எண்ணியிருந்தால் ஒரு கணக்குப் பாடமே நடத்தியிருக்கலாம். நெட்டில் நிற்கும்போது பந்து முகத்துக்கு வந்தால் கண்ணை மூடிக்கொள்வது என் வழக்கம். தம்பிதான் அதைக் கண்டுபிடித்தான். பொங்கலுக்குக் கேரள அரசு எங்களைப் போன்ற எல்லை மாவட்டங்களுக்கு விடுகிற உள்ளூர் விடுமுறை அன்று, கரும்புகூடக் கடிக்க விடாமல் என்னை நெட்டுக்கு முன்னால் நிறுத்தி இருநூறு பந்து அடித்தான். “டீச்சர், கண்ணத் தொறங்க. கண்ணத் தொறங்க டீச்சர்.” ஒரு காலத்தில் வகுப்பில் தூங்கிக்கொண்டிருந்தவனைப் பார்த்து நான் சொன்ன அதே வார்த்தை. நூற்றைம்பதாவது பந்துக்கு மேல் கண் திறந்தே இருந்தது. ராக்கெட் முகத்துக்கு முன்னால் இருந்தால் போதும், வீச வேண்டியதே இல்லை என்று அப்போதுதான் புரிந்தது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மிக்ஸட் டபுள்ஸ் என்றால் பலருக்கும் ஒரு இளக்காரம் இருக்கிறது, பொழுதுபோகாமல் ஆடுவது என்று. இந்தியர் ஒருவர் ஜெயித்த முதல் கிராண்ட்ஸ்லாம் பட்டமே மிக்ஸட் டபுள்ஸில் வந்ததுதான். 1997 பிரெஞ்ச் ஓபனில் மகேஷ் பூபதி, ஜப்பானின் ரிகா ஹிராகியோடு சேர்ந்து வாங்கியது. 2009இல் அதே பூபதியும் சானியா மிர்சாவும் ஆஸ்திரேலியாவில் ஜெயித்தார்கள். சிரிக்கிறவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

என் பாட்னரைப் பற்றி நிறைய எழுதினால் அவருக்குப் பிடிக்காது. பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர்க்காரர், பேங்கில் வேலை, நான் சேட்டா என்று கூப்பிடுவேன். நான் தமிழில் கத்துவேன், அவர் மலையாளத்தில் கத்துவார், நடுவில் போகிற பந்தை இரண்டு பேரும் விட்டுவிடுவோம். கடைசியில் ‘என்னுது’ என்ற வார்த்தைக்கு மட்டும் ஒப்பந்தம் போட்டுக்கொண்டோம். நான் டபுள் ஃபால்ட் செய்த எந்தத் தடவையும் அவர் திரும்பிப் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் அடுத்த சர்வும் நெட்டில்தான் போயிருக்கும். எதற்கு நன்றி சொல்கிறேன் என்று அவருக்குத் தெரியும். வாரத்தில் நான்கு சாயங்காலம் அவரை அனுப்பிவைத்த அவருடைய மனைவிக்கும், அனுப்பும்போதெல்லாம் எனக்கும் சேர்த்துக் கொடுத்துவிட்ட நேந்திரம்பழத்துக்கும் தனி நன்றி.

இனி அரையிறுதி. சுழற்சி முறையில் அது எங்கள் கோர்ட்டுக்கு வந்தது. எதிரே லீக்கில் முதலிடம் பிடித்த பாலக்காட்டு அணி. ஆளுக்கு ஒரு ஆட்டம் ஜெயித்தாகிவிட்டது, எங்கள் ஜோடி ஆடுவதுதான் முடிவு. முதல் செட் 4-6 என்று போய்விட்டது. இரண்டாவது செட்டில் 5-4 என்று முன்னால் இருந்தோம், அந்தப் பக்கத்து சேச்சி சர்வ் போடுகிறார். நாற்பதுக்கு நாற்பது. ஒரே புள்ளி. மிக்ஸட் டபுள்ஸில் இந்தப் புள்ளியை யார் வாங்குவது என்று நாம் முடிவு பண்ண முடியாது, பெண் சர்வ் போட்டால் பெண்தான் வாங்க வேண்டும். சேட்டன் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன்.

சர்வ் என் இடது கைப் பக்கம் வந்தது. நெட்டில் நின்றவர் நடுவில் பாய்வதற்கு ஒரு அடி எடுத்து வைத்துவிட்டார். அவருக்கு வெளியே, ஓரக் கோட்டுப் பக்கமாக அடித்தேன். கேட்கிறவர்களிடம் எல்லாம் கோட்டைக் குறிவைத்தேன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். நிஜம் அதுவல்ல. நான் அடித்தது அவருடைய இடுப்பைப் பார்த்து. கிழக்கத்திக் காற்றுதான் பந்தைத் தள்ளிக்கொண்டு போய் ஓரத்தில் இறக்கியது. அவர் திரும்பிப் பார்த்து “அவுட்” என்று விரலைத் தூக்கினார். அம்பயர் இல்லாத லீக் எங்களுடையது, அவரவர் பக்கத்துக் கோட்டை அவரவர் சொல்வதுதான். வேண்டுமென்று சொன்னவரில்லை, அவர் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் வெளியே விழுந்த மாதிரிதான் தெரிந்திருக்கும். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

சேச்சி பேஸ்லைனிலிருந்து நடந்து வந்தார். அவசரமே இல்லை. ஓரக் கோட்டுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்தார். மண் கோர்ட்டில் பந்து விழுந்தால் முட்டை வடிவத்தில் ஒரு தடம் இருக்கும். அந்தத் தடத்தின் முக்கால்வாசி வெளியே கிடந்தது. மீதி கால்வாசியில் சுண்ணாம்பு சிதறி, வெள்ளைக் கோட்டில் நகம் அளவுக்கு ஒரு பள்ளம். எழுந்து முழங்கால் மண்ணைத் தட்டிக்கொண்டே, “அல்ல, லைனிலாணு” என்றார். அவ்வளவுதான். செட் எங்களுக்கு. அவருடைய பாட்னரும் ஒரு வார்த்தை பேசவில்லை, நேராகத் தண்ணீர் பாட்டிலை எடுக்கப் போய்விட்டார்.

டை-பிரேக்கை 10-7 என்று ஜெயித்தோம். கைகுலுக்கும்போது நான் சந்தோஷத்தில் எதையோ உளறினேனே தவிர, அந்தப் பந்துக்கு நன்றி சொல்லவில்லை. இந்த மடலை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான். சேச்சி, அந்தப் புள்ளியை நீங்கள் பேசாமல் எடுத்துக்கொண்டிருந்தால் யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். நானே சொல்லியிருக்க மாட்டேன். உங்கள் அணி ஃபைனலுக்குப் போயிருக்கும். ரொம்ப நன்றி. உங்கள் இடத்தில் நான் இருந்திருந்தால் எழுந்து நடந்து வந்திருப்பேனா என்று ஒன்பது நாளாக யோசிக்கிறேன்.

ஃபைனல் கோவையில், ஹார்ட் கோர்ட்டில். எங்கள் வீட்டுக்காரர் இளநீர் ஏற்றுகிற குட்டியானை வண்டியில்தான் அணி போனது. முன்னால் இரண்டு பேர், பின்னால் தார்ப்பாய் விரித்து மற்றவர்கள், மூலையில் ஐம்பது இளநீர். வேலந்தாவளம் செக்போஸ்ட்டில் என்ன லோடு என்று கேட்டார்கள். “டென்னிஸ் லோடுங்க” என்றார் எங்கள் வீட்டுக்காரர். எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே விட்டுவிட்டார்கள். இளநீரில் பாதியை எதிர் அணிக்கே வெட்டிக் கொடுத்தார். ஜெயித்தவர்கள் தெம்பாக ஆடியதற்கு அதுவும் ஒரு காரணம் என்று எனக்கு இன்னும் சந்தேகம் இருக்கிறது.

ஆட்டத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மண்ணில் பழகிய கால், பந்து எழும்புகிற வேகம் பிடிபடவில்லை. எங்கள் ஜோடி 6-3, 4-6, 8-10. அணி ஒன்றுக்கு இரண்டு என்று தோற்றது. முதல் செட்டிலேயே என் ராக்கெட் நரம்பு அறுந்தது. அதற்கு முந்தின வாரம்தான் ஒரு கடையில் புது நரம்பு போட்டிருந்தேன், கடைப் பெயர் எதற்கு, விடுங்கள். மாற்று ராக்கெட் கொண்டு போகாதது என் தப்பு. நான் விழித்துக்கொண்டு நின்றபோது எதிர் அணியின் ரிசர்வ் பெண் ஒருவர், வேலிக் கம்பிக்கு மேலாகத் தன் ராக்கெட்டை நீட்டினார். நம்மோடு மோதுகிற அணிக்காரர்! எனக்கு இரண்டாம் நம்பர் கிரிப், அது மூன்றாம் நம்பர், கைக்கு உலக்கை மாதிரி இருந்தது. ஆனாலும் அதில்தான் அந்த செட்டை ஜெயித்தோம்.

வீட்டில் அத்தையைச் சொல்லாவிட்டால் சாப்பாடு கிடைக்காது. ஒரு ஆட்டம்கூட அவர் பார்த்ததில்லை. “நாலு பேருக்கு அவ்ளோ பெரிய எடமா?” என்பதோடு அவருடைய டென்னிஸ் ஆர்வம் முடிந்தது. ஆனால் நான் செம்மண் அப்பிய ஷூவைத் திண்ணையில் கழற்றிப் போட்டால், மறுநாள் மத்தியானத்துக்குள் பழைய டூத் பிரஷ்ஷால் தையல் தையலாகத் தேய்த்து வெள்ளையாக்கிக் காயவைத்திருப்பார். நான் கேட்டதுமில்லை, அவர் சொன்னதுமில்லை. ஃபைனலுக்கு மறுநாள் ஷூவில் மண்ணே இல்லாததைப் பார்த்துவிட்டு, “நேத்து வெளையாடலியா கண்ணு?” என்று கேட்டார்.

கடைசியாக, ராக்கெட் கொடுத்த கோவைக்காரரே, ஒரு சின்னச் சங்கதி. பரிசளிப்புக் கூட்டத்தில் உங்கள் ராக்கெட் என் பைக்குள்ளேயே எல்லை தாண்டி வந்துவிட்டது. வியாழக்கிழமை எங்கள் வண்டி உக்கடத்துக்கு லோடு இறக்க வருகிறது, அதில் கொடுத்தனுப்புகிறேன். கிரிப் புதிதாகச் சுற்றியிருக்கிறது. நரம்பில் மாட்டியிருந்த பச்சை ரப்பரில் பல் பட்ட அடையாளம் இருக்கும், அது என் சின்னவன் வேலை. அதற்குப் பதிலாக வேறு ஒன்று வாங்கிப் பையின் பக்கவாட்டு ஜிப்பில் வைத்திருக்கிறேன். கூடவே பத்து இளநீரும் வரும்.

இப்படிக்கு,
கொழிஞ்சாம்பாறை டீச்சர்