தோப்புக்குள் ஆனைமலையைக் கொண்டுவந்தவர்களுக்கு

பாப்பாவுக்கு நாலு வயது நிறைந்த அன்று உடுமலைத் தோப்புக்கு வந்தவர்கள், வர முடியாமல் பொருள் கொடுத்தனுப்பியவர்கள், கூப்பிடும் முன்னரே வந்து வேலையில் இறங்கியவர்கள் எல்லோருக்கும் வணக்கமுங்க. அன்றைக்கு ஒருத்தரைக்கூட முறையாக நிறுத்தி நன்றி சொல்ல வாய்க்கவில்லை. திருப்பூரில் எங்கள் வீதிக்காரர்கள் செய்தது உடுமலைச் சொந்தங்களுக்குத் தெரியாது, இவர்கள் செய்தது அவர்களுக்குத் தெரியாது. எல்லோரும் அறியட்டும் என்றுதான் பொதுவில் எழுதுகிறேன்.

பாப்பா கேட்டது சஃபாரி பிறந்தநாள். படப் புத்தகத்தில் ஜீப்பையும் சிங்கத்தையும் ஒட்டகச்சிவிங்கியையும் பார்த்ததிலிருந்து வீட்டில் வேறு பேச்சில்லை. மண்டபத்தில் செய்து தருகிறோம் என்று ஒரு அலங்காரக்காரர் சொன்ன தொகை எங்கள் கைக்கு மீறியது. கூண்டோடு பச்சைக்கிளிகள் கொண்டுவருகிறோம், பிள்ளைகள் கையில் வைத்துப் போட்டோ எடுக்கலாம் என்றும் சொன்னார். அதைக் கேட்டதும் உடனே தடுத்தவர் மாமா. என் வீட்டுக்காரரின் தாய்மாமன், ஆனைமலைக் காட்டில் டாப்ஸ்லிப் பக்கம் வேட்டைத் தடுப்புக் காவலராக இருந்து ஓய்ந்தவர். நம்மூர்ப் பச்சைக்கிளியைப் பிடித்துக் கூண்டில் அடைப்பது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்று அவர்தான் எடுத்துச் சொன்னார். அடுத்து அவர் சொன்னதில்தான் இந்த விழாவே பிறந்தது: "தோப்புல நின்னா தெக்கால ஆனைமலை தெரியுது. அதை விட்டுப்போட்டு ஆப்பிரிக்காவை மட்டும் காட்டுனா எப்படி அம்மிணி?"

பாப்பாவின் ஒட்டகச்சிவிங்கியையும் விட்டுவிட முடியாதே. அதற்கும் மாமாவே வழி சொன்னார். தோப்பு வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஆப்பிரிக்கா, இந்தப் பக்கம் ஆனைமலை. சிங்கம், வரிக்குதிரை, ஒட்டகச்சிவிங்கி எல்லாம் அந்தக் கரையில். யானை, புலி, காட்டுமாடு, வரையாடு, சிங்கவால் குரங்கு, இருவாச்சிப் பறவை இந்தக் கரையில். எந்த விலங்கு எந்த மண்ணைச் சேர்ந்தது என்று மூன்று வயதுப் பிள்ளைக்கும் புரிந்துபோனது. வாய்க்காலில் அன்று தண்ணீர் முறை இல்லை, அதுவும் நல்லதாகப் போயிற்று. மாமா, 2007இல் ஆனைமலை புலிகள் காப்பகமானதற்கும் முன்பிருந்தே அந்தக் காட்டில் நடந்த கால்கள் உங்களுடையவை. அந்த அனுபவத்தை நாலு வயதுக் குழந்தைகளுக்காக இறக்கிவைத்தீர்களே, அதற்கு நான் என்ன கைம்மாறு செய்வேன்?

இனித் திருப்பூர்க்காரர்கள். கீழ் வீட்டு அண்ணா வேலை செய்யும் கம்பெனியிலிருந்து அடிபட்டு ஒதுக்கிய எக்ஸ்போர்ட் அட்டைப்பெட்டிகளைக் கேட்டு வாங்கி வந்தார். யானையும் காட்டுமாடும் அதில்தான் உருவாயின. கட்டிங் மாஸ்டர் அண்ணா பேட்டர்ன் வெட்டும் கையால் புலியின் உருவத்தை ஒரே இழுப்பில் வரைந்ததை நான் நின்று பார்த்தேன். கட்டிங் வேஸ்ட்டிலிருந்து மஞ்சள், காவி, சாம்பல் துணிகளைப் பொறுக்கி, பக்கத்து வீட்டு அக்கா ஓவர்லாக் மிஷினில் எல்லாப் பிள்ளைகளுக்கும் காதும் வாலும் தைத்தார். தலைப்பட்டைக்கு ரிப் துணிதான் வேண்டும் என்று பிடிவாதமாகத் தேடி எடுத்தார். அது இழுபடும், சின்னத் தலையை இறுக்காது. முகமூடி வேண்டாம், முகம் மறைந்தால் குட்டிகள் மிரளும் என்று சொன்னதும் அவர்தான். அன்று ஒரு பிள்ளைகூட மிரண்டு அழவில்லை.

நிட்டிங்கில் வேலை செய்யும் தம்பி காலி நூல் கோன்களைச் சேர்த்து வைத்திருந்தான். இரண்டிரண்டாக வெட்டிக் கட்டினால் பைனாகுலர். வெட்டிய விளிம்பு கண்ணோரம் கீறும் என்று ஒவ்வொன்றுக்கும் துணி சுற்றி ஒட்டிக் கொடுத்தான். விழா முடிந்து நாளாகியும் எங்கள் வீதிப் பிள்ளைகள் மொட்டைமாடியில் அதை வைத்துத்தான் காக்கா பார்க்கிறார்கள்.

எதிர்வீட்டு ஒடிசாத் தங்கச்சிக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். அவர்கள் ஊரில் மார்கசிர மாத லட்சுமி பூஜைக்கு அரிசி மாவைக் கரைத்து விரலால் ஜோட்டி என்று ஒரு கோலம் போடுவார்களாம். தோப்பு வாசலில் அதே மாவால் யானைக் கூட்டம் ஒன்றை வரைந்தார். முன்னால் பெரிய யானை, நடுவில் குட்டிகள், பின்னால் இன்னொரு பெரிய யானை. என் அம்மா பார்த்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து புள்ளிக் கோலம் வைக்க ஆரம்பித்தார். மொழி தெரியாத இருவரும் ஒருவர் விரலை ஒருவர் பார்த்துப் போட்ட அந்த வாசலை மிதிக்க மனசில்லாமல் எல்லோரும் ஓரமாகவே உள்ளே வந்தீர்கள்.

ஆனி மாதக் காற்றைப் பற்றி உடுமலைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக அது வருகிற வரத்தில் அட்டை விலங்குகள் பல்லடம் போய்ச் சேர்ந்திருக்கும். என் அப்பா, பாப்பாவின் அப்புச்சி, விடிகாலையிலேயே தேங்காய் நார்க் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து ஒவ்வொன்றையும் தென்னைமரத்தோடு சேர்த்து மூன்று இடத்தில் கட்டினார். நெற்று விழும் மரங்களின் அடியில் யாரும் நிற்காதபடி முந்தின நாளே ஆள்விட்டுக் காய் இறக்கி, காய்ந்த மட்டைகளையும் கழித்து வைத்திருந்தார். தென்னம்பாளை இரண்டைக் கவிழ்த்தும் நிமிர்த்தும் வைத்து வாய் பிளந்த முதலை செய்ததும் அவர் கைவேலைதான். அமராவதி முதலைப் பண்ணையைப் பார்த்திருந்த பையன் ஒருவன் ஏன் வாயைத் திறந்தே வைத்திருக்கிறது என்று கேட்டான். உடம்புச் சூட்டைத் தணிக்கத்தான் அப்படித் திறந்து கிடக்கும் என்று மாமா சொன்னதும், வெயிலில் நின்ற அத்தனை பேரும் வாயைத் திறந்துகொண்டார்கள்.

தாய்மாமன் சீராக என் தம்பி கொண்டுவந்தது அவனுடைய பழைய ஜீப். புல்லும் தென்னங்கீற்றும் கட்டி மரநிழலில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்து, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பிள்ளைகள் ஏறி இறங்கும் வரை பக்கத்திலேயே நின்றான். ஓடாத வண்டியில் அவர்கள் போகாத ஊரில்லை.

எல்லோரும் இன்னமும் என்னிடம் கேட்பது யானைக் கால்தடத்தைப் பற்றித்தான். தண்ணீர் விட்டு ஈரமாக வைத்திருந்த பாத்தியில் மாமா குச்சியால் ஒரு வட்டம் கீறினார். முறத்தளவு இருந்தது. பிள்ளைகளைச் சுற்றி உட்காரவைத்து, அந்த வட்டத்தின் ஓரமாக ஒரு நூல்கயிற்றைப் பதிக்கச் சொன்னார். ஒருத்தி ஒரு முனையைப் பிடித்துக்கொள்ள, மற்றவர்கள் விரலால் அழுத்தி அழுத்திச் சுற்றிக் கொண்டுவந்தார்கள். முனையும் முனையும் சேர்ந்த இடத்தில் வெட்டினார். அதே நீளத்துக்கு இன்னொரு கயிறு. இரண்டையும் முடிந்து தென்னைமரத்தின் அடியிலிருந்து மேலே பிடித்தார். என் வீட்டுக்காரர் தலைக்கும் மேலே போய்விட்டது. யானையின் முன்னங்கால் தடத்தைச் சுற்றி அளந்து இரண்டு மடங்கு எடுத்தால் அதன் தோள் உயரம் ஏறக்குறைய வந்துவிடும், காட்டில் யானையைப் பார்க்காமலே அது எத்தனை பெரியது என்று இப்படித்தான் கணிப்போம் என்றார். "இது பொட்டை யானைங்க. கொம்பன் இன்னும் உசரம்." பிள்ளைகள் ஒவ்வொருவராக அந்த முடிச்சின் கீழே போய் நின்று அண்ணாந்து பார்த்தார்கள். அந்தக் கொஞ்ச நேரம் தோப்பில் கத்தல் இல்லை. காட்டில் சத்தம் போடாமல் நடக்க வேண்டும் என்று நாங்கள் நூறு முறை சொல்லிப் புரியாதது, அந்த முடிச்சைப் பார்த்ததும் அவர்களுக்குப் புரிந்துவிட்டது.

இருவாச்சியாக உட்கார்ந்த நங்கையாளுக்கு என் கும்பிடு. பெண் இருவாச்சி மரப்பொந்துக்குள் போய் வாசலை அடைத்துக்கொண்டு முட்டையிடும், ஒரு சின்ன இடுக்கு வழியாக ஆண் பறவை பழம் கொண்டுவந்து ஊட்டும். அதற்காகப் பெரிய அட்டைப்பெட்டிக்குள் நங்கையாள் போய் உட்கார்ந்தார். பிள்ளைகள் வாழைப்பழத் துண்டுகளை ஏந்திக்கொண்டு ஓடிவந்து இடுக்கில் நீட்ட, உள்ளேயிருந்து அவர் வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டே இருந்தார். வேர்த்து விறுவிறுத்து வெளியே வந்தவரிடம் பாப்பா கேட்டது, "அத்தை, குஞ்சு எங்கே?"

சாப்பாட்டில் அம்மாவும் சித்திமாரும் குறை வைக்கவில்லை. அரிசியும் பருப்புச் சோறு, நெய், தயிர், இளநீர், எல்லாம் பாக்குமட்டைத் தட்டில். ஆனைமலைக் காட்டில் இருக்கும் கோழிகமுத்தி முகாமில் வளர்ப்பு யானைகளுக்குக் கேழ்வரகும் கொள்ளும் வெல்லமும் சேர்த்துக் கவளம் உருட்டிக் கொடுப்பார்கள். அதே பேரில் சித்தி ராகி மாவும் நாட்டுச் சர்க்கரையும் நெய்யும் சேர்த்துக் குட்டி உருண்டைகள் பிடித்திருந்தார். வீட்டில் ராகி என்றாலே முகம் சுளிக்கிற பிள்ளைகள் "எனக்கு ஒரு கவளம்" என்று கை நீட்டினார்கள்.

நர்ஸாக இருக்கும் அக்கா கொடுத்த யோசனைகளையும் சொல்லியாக வேண்டும். இந்த வயதுக் கூட்டத்தில் பலூன் வேண்டவே வேண்டாம், வெடித்த துண்டு தொண்டையில் போய் அடைத்துக்கொள்ளும் என்றார். மெழுகுவத்தி எரியும்போது ஸ்னோ ஸ்ப்ரே அடித்தால் தீப்பிடிக்கும், அதையும் வாங்காதீர்கள் என்றார். முழுக் கடலை, முழுத் திராட்சை எதுவும் பந்தியில் இல்லாததற்குக் காரணம் அவர். விருந்துக்கு நாள் குறித்திருக்கும் மற்ற அம்மாக்களும் இதைக் கவனத்தில் வையுங்கள்.

பெரியப்பா. உங்களை விழாப் படங்களில் தேடினேன், ஒன்றில்கூட இல்லை. எப்படி இருப்பீர்கள்? பிள்ளைகள் வந்து இறங்கியதிலிருந்து கடைசி வண்டி கிளம்பும் வரை கிணற்றடியில் கயிற்றுக்கட்டிலைப் போட்டு உட்கார்ந்திருந்தீர்கள். சுற்றிலும் முள்வேலி அடைத்திருந்தும், "வேலி பாக்காது கண்ணு, நான் பாத்துக்கறேன், நீ போ" என்று சொல்லிவிட்டீர்கள். கேக் வெட்டக் கூப்பிட்டும் எழுந்து வரவில்லை. நாற்பது அடிக் கிணறு உள்ள தோப்பில் அத்தனை பெற்றோரும் நிம்மதியாகச் சோறு உண்டது உங்களை நம்பித்தான். கேக்கையும் கவளத்தையும் தட்டில் வைத்துப் பாப்பாவே உங்களுக்குக் கொண்டுவந்தாள் அல்லவா, அது அவளாகக் கேட்டு எடுத்து வந்தது. நாங்கள் யாரும் சொல்லி அனுப்பவில்லை.

பெரிய பிள்ளைகள் ஆளுக்கொரு குட்டியின் கையைப் பிடித்துக் காட்டுப்பாதையில் நடத்திக் கூட்டிப்போனார்கள், அவர்களுக்கும் அன்பு. பொழுதோட எல்லோரும் கிளம்பிய பிறகு தோப்பைக் கூட்டிச் சுத்தம் செய்த பங்காளி வீட்டாருக்கும் நன்றி.

விலங்குகள் பத்திரமாக இருக்கின்றன. வரையாட்டையும் சிங்கவால் குரங்கையும் ஊர் அங்கன்வாடிக்குக் கொடுத்துவிட்டோம். யானை, புலி, காட்டுமாடு, ஒட்டகச்சிவிங்கி, காது வால் மூட்டை எல்லாம் தோட்டத்துக் கொட்டகையில் மழை படாமல் கட்டி வைத்திருக்கிறது. உங்கள் வீட்டுப் பிள்ளைகளின் விசேஷத்துக்கு வேண்டுமென்றால் அப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு எடுத்துப் போங்கள். யானையின் ஒரு காது காற்றில் கொஞ்சம் கிழிந்திருக்கிறது, மாவுப் பசையில் துணி ஒட்டினால் போதும். கயிற்றளவு விளையாட்டுக்கு மாமா வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவருக்கு முதல் நாளே தகவல் சொல்லி, பாத்தியை மட்டும் நனைத்து வையுங்கள்.

என்றும் அன்புடன்,
பாப்பாவின் அம்மா, அப்பா
திருப்பூர்